வலது ஓரமாகப் போன பந்து

வலது மணிக்கட்டில் கொஞ்ச நாளாக வாதம், ஐயா. காலையில் காப்பித் தம்ளரைத் தூக்கினாலே சுருக்கென்கிறது. அதனால் நானே எழுதிக் கொடுக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல ஏட்டையா எழுதிக்கொள்ளட்டும்.

பெயர் பக்தவச்சலம். வீடு கொருக்குப்பேட்டை, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். ராயபுரத்தில் கப்பல்காரர்கள் தங்கும் விடுதியில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். அதன் பின்கட்டில் கட்டை ஆட்டம் ஆடும் கூடம் ஒன்று உண்டு. நீளமான பலகைத் தளத்தின் அந்தக் கோடியில் ஒன்பது கட்டைகளை நிறுத்துவார்கள். இந்தக் கோடியிலிருந்து கனத்த மரப்பந்தை உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும். பந்தில் பெருவிரலுக்கு ஒரு துளை, நடுவிரலுக்கு ஒரு துளை. தளத்துக்கு மெழுகு போடுவதும் பந்துகளைத் துடைத்து வைப்பதும் என் வேலை. சாய்ந்த கட்டைகளை எடுத்து நிறுத்துவது கோதண்டத்தின் வேலை. அவன் என் தங்கை மலர்க்கொடியின் புருஷன். போன மாசியில் அந்தக் கூடத்திலேயே பந்து பட்டுச் செத்தானே, அவன்தான். விபத்து என்று முடித்து வைத்த கேஸ். தங்களுக்கு நினைவிருக்கும்.

மலரைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் புரியாது. விஷ ஜுரம் வந்த வருஷம் அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். இரண்டு பேரையும் மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது அவள் என் தோளில் தூங்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஏழு வயசு. தலை வாரிப் பின்னிவிடக் கற்றுக்கொண்டேன். அம்மை போட்டபோது இருபத்தொரு நாள் வேப்பிலையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்களை நானே திருப்பி அனுப்பினேன். வருகிறவள் அந்தக் குழந்தையை எப்படி நடத்துவாளோ, யார் கண்டது?

கோதண்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். தாய் தகப்பன் இல்லாதவன், நல்லவன், எதிர்த்துப் பேசத் தெரியாது. விடுதியில் வேலை வாங்கிக் கொடுத்து, என் வீட்டிலேயே பக்கத்து அறையையும் கொடுத்தேன். மூன்று வருஷம் ஒரே அடுப்பு, ஒரே சோறு. அந்த மூன்று வருஷமும் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

அவன் சாவதற்கு முந்தின ஐப்பசியில் ஒருநாள் கட்டைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“மச்சான், ரங்கூன்லேந்து கெங்கம்மா அக்கா கடுதாசி போட்டுகீது. மாமாவுக்கு மர வாடியில மேஸ்திரி வேலையாம். எனக்கும் அங்கியே சொல்லி வச்சிகீறாராம். பங்குனில கெளம்பலாம்னு கீறோம்.”

“கீறோம்னா? யாரு யாரு?”

“நானும் மலரும்தான். நீயும் வாயேன் மச்சான். மலரு அதான் சொல்லிகினு கீது.”

தங்கை புருஷன் நிழலில் போய்ச் சோறு தின்ன எனக்கு மனசு வரவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் மலரைக் கேட்டேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“இன்னாண்ணா, மூஞ்சி இப்பிடி சுண்டிப்போச்சி? நான் இன்னா செத்தா பூட்டேன்? வருசத்துக்கு ஒருதபா வந்து பாத்துட்டுப் போறேன்” என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு நெஞ்சு வெடித்துவிட்டது, ஐயா. வருஷத்துக்கு ஒரு தபா. பதினொரு வருஷம் ஒருநாள் விடாமல் பார்த்த முகத்தை இனி வருஷத்துக்கு ஒரு தபா பார்த்துக்கொள் என்கிறாள். கொல்லைப்புறம் போய்த் தொட்டித் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு வந்துதான் சாப்பிட உட்கார்ந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்கக் கப்பல் எஞ்சின்காரர் ஒருவர் விடுதியில் தங்கினார். அவர் உருட்டும் பந்து வலது ஓரமாகவே போய், கட்டைகளுக்குக் கிட்டே வந்ததும் இடது பக்கம் திரும்பும். எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள், நான் அவர் கையைப் பார்த்தேன். பந்து கையை விட்டுப் போகிற அந்தக் கணத்தில்தான் எல்லாம் இருக்கிறது. உள்ளங்கை பந்துக்குப் பின்னால் இருந்து, இரண்டு விரலும் ஒன்றாகக் கழன்றால் பந்து நேரே உருளும். மணிக்கட்டை மடங்கவிடாமல், கடைசிக் கணத்தில் கையைப் பக்கவாட்டுக்குத் திருப்பினால் பெருவிரல் முதலில் கழலும். அப்போது நடுவிரலால் பந்தை ஓரத்தில் ஒரு தூக்குத் தூக்கிவிட வேண்டும். பூட்டில் சாவியைத் திருப்புகிற அளவுதான். பந்து முன்னே வழுக்கிக்கொண்டே பக்கவாட்டில் சுழலும். மெழுகு இருக்கிறவரை அந்தச் சுழற்சிக்குப் பிடிப்புக் கிடையாது, நேரே போவதுபோலத்தான் தெரியும். உலர்ந்த பலகை வந்ததும் கவ்விக்கொண்டு திரும்பிவிடும். முன்கூட்டியே திருப்பினால் சுழற்சி செத்துப்போகும். அதிகமாகத் திருப்பினால் கை பந்துக்கு மேலே ஏறி, பந்து ஓரக் குழியில் விழும்.

கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆயிற்று. மத்தியானம் கோதண்டம் சாப்பிட வீட்டுக்குப் போகிற ஒரு மணி நேரத்தில் பழகுவேன். அவன் வழக்கமாக மண்டியிடும் இடத்தில் மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்துக்கொள்வேன். பதினொரு சட்டி உடைந்தது. “சட்டி வாங்கிகினே கீறியே, எல்லாம் எங்கண்ணா போவுது?” என்று மலர்கூட ஒருநாள் கேட்டாள். விடுதியில் செடி வைக்கிறோம் என்று சொன்னேன்.

எனக்கு அவன் சாக வேண்டும் என்றில்லை. ஏட்டையா, இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். கை உடைந்தால் போதும் என்றுதான் இருந்தேன். கை உடைந்தவனை எந்த மர வாடியில் சேர்ப்பார்கள்? இங்கேயே கிடப்பான். நான் சோறு போட்டிருப்பேன், ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருக்க மாட்டேன்.

தினமும் காலை பத்து மணிக்கு, மெழுகு போட்ட பிறகு, வலது ஓரமாக இரண்டு பந்து உருட்டித் தளத்தைப் பரிசோதிப்பேன். கோதண்டம் இடது பக்கத்தில் கட்டைகளை நிறுத்திக்கொண்டே இருப்பான். தலை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். இத்தனை வருஷத்தில் என் பந்து ஒருநாளும் வலது ஓரத்தை விட்டு நகர்ந்ததில்லையே. கட்டைகளை நிறுத்தி முடித்ததும் அவனுக்கு ஒரு பழக்கம். கன்னத்தைத் தரையோடு வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வரிசை கோணியிருக்கிறதா என்று பார்ப்பான்.

அன்றைக்குக் கடைசி எட்டடிக்கு மெழுகு போடவில்லை. விடுதி மேலாளரும் இரண்டு மாலுமிகளும் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். கோதண்டம் கட்டைகளை நிறுத்தும்போது அவன் இரண்டு கையும் தரையில்தான் இருந்தன. நான் உருட்டவில்லை.

“இன்னா மச்சான், பந்தைக் கையில வச்சிகினே நிக்கிற? உருட்டு” என்றான்.

“நீ வரிசையைப் பாரு” என்றேன்.

அவன் கன்னத்தைத் தரையில் வைத்தான். நான் பந்தை விட்டேன்.

பந்து வலது ஓரமாகத்தான் கையை விட்டுப் போனது என்று மூன்று பேரும் சாட்சி சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பலகை நெளிந்து பந்தைத் திருப்பிவிட்டது என்று முடிவாயிற்று. தளம் போட்ட தச்சர் மதார் சாகிபை வேலையை விட்டு எடுத்தார்கள். ஆறு பிள்ளைகள் அவருக்கு. பாவம், மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ரம்ஜானுக்கு ஒரு வீசை சர்க்கரை வாங்கிக் கொடுத்தேன்.

மலர் மூன்று நாள் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். நான்தான் கஞ்சி ஊட்டினேன். நான்காம் நாள் என் மடியில் தலை வைத்து, “எனுக்கு உன்ன வுட்டா யாருண்ணா கீறாங்க?” என்று அழுதாள். நானும் அவளோடு அழுதேன், ஐயா. கோதண்டத்துக்காக நிஜமாகவே அழுதேன். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். அந்த ஒரு வருஷம் என் வீட்டுக்கு வந்து பார்த்திருந்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள். பழையபடி இரண்டு பேர், இரண்டு தட்டு. அவள் பேச்சு குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

போன வாரம் வருஷத் திதி கொடுத்தோம். அதற்கு ரங்கூனிலிருந்து கோதண்டத்தின் அக்கா கெங்கம்மா வந்திருக்கிறாள். திதி முடிந்த கையோடு மலரைத் தன்னோடு கூட்டிப்போகிறேன் என்கிறாள். நான் வேண்டாமென்றேன், திட்டினேன், காலில்கூட விழுந்தேன்.

மலர் என் முகத்தைப் பார்க்காமல், “இந்த வூட்ல எனுக்கு மூச்சு முட்டுதுண்ணா. நான் போறேன்” என்றாள்.

பெட்டி கட்டிவிட்டாள். வியாழக்கிழமை கப்பல்.

அதனால்தான் தங்களிடம் வந்தேன். மனசாட்சி உறுத்தியதால் வந்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் உண்மைதான். ஆனால் கேஸைத் திரும்ப எடுத்தால் செத்தவனின் பெண்சாதி வாக்குமூலம் வேண்டியிருக்குமே? சாட்சி சொல்ல வேண்டியவர்கள் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று போன தடவை தாங்களே சொன்னீர்கள். சம்மனை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள், ஐயா. விசாரணை முடிந்து என்னைத் தூக்கில் போட எப்படியும் ஏழெட்டு மாதம் ஆகும். அதுவரைக்கும் அவள் இங்கேதானே இருப்பாள்.