பிசிறெடுத்த சுறாப் பல்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் கம்பெனிச் சட்டை போட்ட இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் மகள் மடியில் தூங்கிவிட்டாள். எழுந்து எங்கே போவது?

"சுறாப் பல்லு ஓரமெல்லாம் ஒரே பிசிறுண்ணா. பஃப் வீல்ல தேய்ச்சு மழமழன்னு ஆக்கிட்டேன்," என்றான் இளையவன்.

"அடப்பாவி! அது பிசிறு இல்லடா. ரம்பம் மாதிரி அப்படித்தான் இருக்கும். அதைப் பாத்துத்தான் எந்தச் சுறான்னே சொல்ல முடியும்."

"கம்பெனில பிசிறோட விட்டா ரிஜெக்ட் பண்றாங்களேண்ணா."

"இது என்ன கியரா? கோடி வருஷமா மண்ணுக்குள்ள தேயாம கல்லாக் கெடந்த பல்லுடா. பல்லை அடையாளம் காட்டுற நம்ம வெப்சைட்டுக்குன்னு, அதைத் தோண்டி எடுத்த அரியலூர்க்காரர் நம்பிக் குடுத்தாரு. மொதல்லயே போட்டோ எடுத்தியா?"

"சுத்தம் பண்ணிட்டு எடுக்கலாம்னு..."

பேருந்து சூளகிரியைத் தாண்டியது.

"வெப்சைட்ல அந்தப் பல்லுக்குன்னு வச்ச பக்கத்தையே தூக்கிடட்டாண்ணா?"

"வேணாம். இப்ப இருக்கற மாதிரியே போட்டோ எடுத்துப் போடு. 'ஓரத்தைத் தேய்ச்சதால எந்தச் சுறான்னு தெரியல, நீங்க யாரும் தேய்க்காதீங்க'ன்னு கீழ எழுது."

"தேய்ச்சது யாருன்னு போடணுமாண்ணா?"

மூத்தவர் அவன் பக்கம் திரும்பினார்.

"நாங்கன்னு போடு."