பல்லுக்குக் கேசிங்

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் பஸ். முன் சீட்டில், போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர். அதுவரை போனில் தன் ரிக் டிரைவரை அதட்டிக்கொண்டிருந்தவர், போனை வைத்தார். ஒரு கன்னம் பந்தாக வீங்கியிருந்தது. பக்கத்தில் வெற்றிலைக் கட்டோடு ஒரு விவசாயி.

"போருல மண்ணு சரியாம எறக்கற கேசிங் குழாய் மாதிரி, பல்லுலயும் அடிவரைக்கும் எறங்கோணுமுங்க," என்றார் வண்டிக்காரர்.

"ஏனுங்க, பல்லுலயும் போர் போடறாங்களா?"

"வேர் சிகிச்சைங்க. வேருக்குள்ள தோண்டிச் சுத்தம் பண்ணி, ரப்பர் குச்சி சொருகி, சுத்தியும் பேஸ்ட் வெச்சு அடைக்கிறாங்க. பழைய ரகப் பேஸ்ட்டு நாளானா சுருங்கிக்குமாம். புதுசு சுருங்காதாம்."

"உங்களுக்கு எதுங்க?"

"புதுசுதான். குச்சியையும் சும்மா சொருகாம, உருக்கி அமுக்கச் சொன்னேன். அப்பத்தான் சந்துபொந்தெல்லாம் அடையும். அடிவரைக்கும் போச்சான்னு எக்ஸ்ரேல காட்டுனாத்தான் எந்திரிப்பேன்னுட்டனுங்க."

"காட்டுனாங்களா?"

"காட்டுனாங்க. நுனியில துளி எடம் பாக்கி இருந்துச்சு. அதுதான் சரியான அளவுன்னாரு டாக்டரு. யாருகிட்ட? இன்னும் தள்ளுங்கன்னேன். தள்ளுனாரு. நுனியத் தாண்டி வெளிய போயிருச்சு. அதுலதான் இந்த வீக்கம்."

விவசாயி வெற்றிலைக் கட்டை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டார்.

"போன மாசம், நீங்க போட்ட நம்ம தோட்டத்துப் போரு மண்ணு சரிஞ்சு, மோட்டாரோட மூடிக்கிச்சுங்க. கேசிங் பாறை வரைக்கும் எறங்குச்சான்னு போர் போட்ட அன்னிக்கே கேட்டேன். தொழில்காரன நம்போணும்னு சொன்னது நீங்கதானுங்களே?"