துப்பாக்கிக்கு மூத்தவள்

தலைமையேற்ற நூலக அம்மா அவர்களே, அகராதி தந்த ஐயா அவர்களே, எனக்கு வேலை தந்த அச்சக முதலாளி அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, பிள்ளையை மடியில் தூங்கவைத்துப் பேச்சுக் கேட்கும் தாய்மார்களே, வணக்கம்!

ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். இன்று வெளியாகும் இந்தச் சொற்பிறப்பு அகராதியைத் தட்டச்சு செய்தவள். நன்றி சொல்லிவிட்டு இறங்கச் சொன்னார்கள். இறங்காமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

துப்பாக்கி! பின்வரிசை அண்ணே, ஏன் குனிகிறீர்கள்? சொல்தான், சுடாது. எங்கிருந்து வந்தது இந்தச் சொல்? "குண்டைத் துப்புது, அதான் துப்பாக்கி. இதுக்கு ஒரு அகராதியா?" என்றார் எங்கள் அச்சு மிஷின்கார அண்ணன். அழகான விளக்கம். அத்தனை அழகாக இருந்ததால்தான் எனக்குச் சந்தேகம்!

ஐயாவின் கையெழுத்துப்படி வேறு கதை சொன்னது. துருக்கியர் வாயில் துஃபெக். பாரசீகர் வாயில் துஃபங். நம் வாயில் துப்பாக்கி. எல்லோருக்கும் மூத்தவள் ஆதித் துருக்கியின் தூவெக். வாயால் ஊதிக் குருவி அடிக்கும் வெறும் குழாய்! அவளுக்கு முன்னால் மட்டும் ஒரு நட்சத்திரக் குறி.

"ஐயா, இது மை சிந்தினதா?"

"இல்லம்மா. அந்த ஆதிச் சொல்லை எழுத்துல யாரும் பார்த்ததில்ல. பிள்ளைங்க ஜாடையை வச்சு அம்மா முகத்தை வரைஞ்சிருக்கோம். ஊகம்னு சொல்லத்தான் நட்சத்திரம்."

நெகிழ்ந்துபோனேன். ஆனால் கடைசித் திருத்தத்தில் அதே நட்சத்திரத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்!

"எடுத்துடும்மா. இருந்தா ஜனங்க சந்தேகப்படுவாங்க."

"சந்தேகப்படத்தானே ஐயா வச்சீங்க?"

முதலாளி குறுக்கிட்டார். "சொன்னதைச் செய். இல்லன்னா வேற வேலை பாரு."

பெரியோர்களே! கண்ட சொல்லும் காணாத சொல்லும் ஒன்றா? ஊகத்தை உண்மையென்று அச்சடிக்கலாமா? அச்சில் வந்ததை நாளை எந்தப் பிள்ளை சந்தேகிக்கும்? படிப்பை விட்ட நானே சந்தேகித்தேன். படித்தவர் சந்தேகிக்க வேண்டாமா?

இருநூற்றுப் பதினாறாம் பக்கத்தைத் திருப்புங்கள். நட்சத்திரம் இருக்கிறதா? இருக்கிறது! நான் எடுக்கவில்லை. முதலாளி, முறைக்காதீர்கள், நாளை வரவேண்டாமென்றால் வரமாட்டேன். ஐயா, பேனாவைத் திறக்கிறீர்களே? அடிப்பதானால் ஆயிரம் பிரதியிலும் உங்கள் கையாலேயே அடியுங்கள். என் விரல் அதை எடுக்காது!

என் பேச்சையும் நம்பிவிடாமல் பக்கம் புரட்டிப் பார்க்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.