மூன்று டிக்கெட் எடுத்த பேராசிரியர்

மேலே பேசுவதற்கு முன்னால்… உங்களுக்கு ஒரு குட்டிக் கதை சொல்லிவிடுகிறேன். கதை என்று சொல்கிறேனே தவிர, இது என் சொந்த அக்கா பேச்சியம்மாளுக்கு நடந்தது.

அக்கா அரசுக் கல்லூரியில் வேதியியல் படித்தாள். கடைசி மணி நேரம் ஞானசிகாமணி சார் வகுப்பு. அந்த வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகாது… அக்காவும் அவள் தோழிகள் ஐந்து பேரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சார் ஆப்சென்ட் போட்டுவிடுவார். வருகை எழுபத்தைந்து சதவீதம் இல்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. அப்பா வேறு சொல்லிவிட்டார், "பரீட்சை எழுத விடலைன்னா படிச்சது போதும் தாயி. மில்லுக்குப் போ."

ஏன் போகிறாய் என்று கேட்டால் அக்கா என்ன சொல்வாள்? "பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்." இதைச் சொல்லாத பிள்ளை எந்தக் கல்லூரியில் இருக்கிறது? சார் நம்புவாரா? நம்பவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை… வகுப்பைப் பக்கத்து அறை மேடத்திடம் ஒப்படைத்துவிட்டு, இவர்கள் பின்னாலேயே வந்து அதே டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமல்லவா?

"எங்க சார் போகணும்?" கண்டக்டர் கேட்டார்.

"தியேட்டர் ஸ்டாப் ஒண்ணு."

தியேட்டர் வந்தது. ஒரு பிள்ளையும் இறங்கவில்லை.

"அப்போ… பஜார் ஒண்ணு குடுங்க."

பஜாரும் வந்தது. இறங்கவில்லை. கண்டக்டர் முறைத்தார். "சார், நீங்க எங்கதான் போறீங்க?"

"இந்தப் பிள்ளைங்க எங்க இறங்குதோ, அங்க."

"ஏன் சார், பாத்தாப் பெரிய மனுஷன் மாதிரி இருக்கீங்க…"

அக்கா குறுக்கே வந்து, "அண்ணே, அவரு எங்க காலேஜ் சாரு" என்றாள்.

"இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? கடைசி ஸ்டாப்புக்கு எடுங்க சார். ஒரே டிக்கெட்ல முடிஞ்சிருக்கும்."

ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போனார். கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கினார்கள்.

"உன் வீடு எங்கம்மா?"

"இன்னும் ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும் சார்."

"இந்த பஸ்ஸை விட்டா?"

"அடுத்தது ஏழு மணிக்குத்தான் டவுன்லருந்து கிளம்பும் சார். இங்க வந்து சேர எட்டு ஆயிரும்."

சார் அந்தக் காட்டுப் பாதையைப் பார்த்தார். ஒரு விளக்குக் கம்பம்கூட இல்லை.

"இதை ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னேன் சார்… மூணு தடவை."

சார் அதே பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போனார்.

திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தார். எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொன்னார்: "பேச்சியம்மா சொன்னது உண்மை. தப்பு என் மேல." இவர்கள் வரும் காலை பஸ் எட்டேகாலுக்கே டவுனுக்கு வந்துவிடுமே, கல்லூரி தொடங்குவதோ ஒன்பதரைக்கு… முதல்வரிடம் நின்று, மன்றாடி, தன் வகுப்பை எட்டரை மணிக்கு மாற்றி வாங்கினார். வருஷம் முழுக்க ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டை விட்டுக் கிளம்பினார். விட்டுப்போன பாடங்களைச் சனிக்கிழமைகளில் நடத்தி, அதற்கும் வருகை போட்டார். அக்காவின் வருகை எழுபத்தாறு சதவீதம் ஆனது… ஹால் டிக்கெட் வந்தது. எங்கள் தெருவில் முதல் பட்டதாரி என் அக்கா. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அக்காவை நினைத்தும் பெருமை, அந்தச் சாரை நினைத்தும் பெருமை.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களே, இந்தக் கதையை எதற்குச் சொன்னேன்? அவர் சந்தேகப்பட்டுத்தான் பஸ் ஏறினார். ஆனாலும் ஏறினாரே! கண்ணால் கண்டதும் தன்னை மாற்றிக்கொண்டாரே! நாங்கள் சொல்வதையெல்லாம் நீங்கள் நம்ப வேண்டாம். சந்தேகமே படுங்கள்… ஆனால் ஆப்சென்ட் போடுவதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை எங்கள் பின்னால் வந்து பாருங்கள்.