யார் பக்கமும் நில்லாத அம்மையாருக்கு

நடுநிலை பிறழாத நன்னெஞ்சே, சட்டம் பயின்ற சான்றாண்மையே, பேசும்போது அளந்து பேசி, கேட்கும்போது அளவின்றிக் கேட்ட எங்கள் நீதிபதி அம்மையீர், வணக்கம்.

கறுப்பு அங்கி எல்லார் மேலும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதற்குள் இருப்பவர் யார் என்பது வெளியாருக்கு எளிதில் விளங்குவதில்லை. கட்சிக்காரருக்காக வாதாடுபவர் வழக்கறிஞர். குற்ற வழக்கில் அரசின் சார்பில் நிற்பவர் அரசு வழக்கறிஞர். இருவரையும் கேட்டு முடிவு சொல்பவர் நீதிபதி. இம்மூன்று பொறுப்பையும் முறையாய் ஏற்று முத்திரை பதித்தவர் தாங்கள். ஆனால் தாங்கள் ஒவ்வொரு படி ஏறியபோதும், உடனிருந்தவர்களில் ஒரு கூட்டம் இறங்கிக்கொண்டது என்பதையும் இந்தப் பணி ஓய்வு விழா மேடையில் சொல்லியாக வேண்டும்.

வழக்கறிஞராய் இருந்த காலத்தில் கல்லூரித் தோழி ஒருவரோடு அலுவலகத்தைப் பகிர்ந்தீர்கள். இரண்டு மேசைக்கு ஒரே மின்விசிறி. உங்கள் இருவரின் சிரிப்புச் சத்தம் தாங்காமல் கீழ்த்தளத்து நோட்டரி கதவைச் சாத்திக்கொள்வாராம். தாங்கள் அரசு வழக்கறிஞர் ஆனதும், குற்றம் சாட்டப்பட்டோருக்காக வாதாடும் தோழியோடு ஓர் அறையில் இருப்பது முறையன்று என்று மேசையை வேறிடம் கொண்டுபோனீர்கள்.

நீதிபதியான முதல் வாரம், பழக்கதோஷத்தில் வழக்கறிஞர்களின் தேநீர் அறைக்குள் நுழைந்து, தோழியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். அறையே எழுந்து நின்றது. தோழியும் எழுந்து நின்றார்.

"உட்காருங்கப்பா, டீ குடிக்கத்தான் வந்தேன்" என்றீர்கள். ஒருவரும் உட்காரவில்லை. தோழி தாக்கல் செய்த பிணை மனு அன்று பிற்பகல் தங்கள் முன் வரவிருந்தது அப்போதுதான் உங்களுக்கு உறைத்தது. பாதித் தேநீரோடு எழுந்து போனீர்கள்.

அதன்பின் மதிய உணவெல்லாம் தனியறையில், சாத்திய கதவுக்குப் பின்னால்தான். "சாப்பிட்டீங்களா?" என்று தங்கள் உதவியாளரிடம் கேட்பீர்களாம். பதில் சொன்ன பிறகும், பேச்சை நீட்டுவதற்காக, கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி கேட்பீர்களாம். அதைக் கேள்விப்பட்டு நாங்கள் மனம் வருந்தினோம்; ஆனாலும் கதவைத் தட்டத் துணியவில்லை.

உறவும் தேயத்தான் செய்தது. நிலத் தகராறோடு வந்த கொழுந்தனார், "ஒரு ஃபோன் போட்டா முடிஞ்சிடும் அண்ணி" என்றார்.

"வக்கீல் உங்க பக்கம் நிப்பாரு. நான் யார் பக்கமும் நிக்கக் கூடாது" என்றீர்கள்.

"அப்ப நீங்க யாருக்குத்தான் உபயோகம்?" என்று கேட்டுவிட்டுப் போனவர் பிறகு வாசற்படி மிதிக்கவில்லை. இதைத் தாங்களே சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

யாருக்கு உபயோகம் என்பதை இந்த மன்றத்தின் படிகளைக் கேட்டால் சொல்லும். வழக்கில் தோற்றவரும்கூட, "நான் சொன்னத முழுசா கேட்டாங்க" என்று ஆறுதலாய்ச் சொல்லிக்கொண்டு அவற்றில் இறங்கிப் போவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். பொறுமையில் பூமியாய், புலமையில் கடலாய் இருந்தீர்கள் என்று எழுதுவது வழக்கம். எங்களுக்குத் தோற்றவர் சொன்ன அந்த ஒரு வாக்கியமே போதும்.

நேற்று தங்கள் கடைசித் தீர்ப்பு. அது தோழியின் கட்சிக்காரருக்கு எதிராக அமைந்தது. தோழி வழக்குக் கட்டுகளை எடுத்துக்கொண்டு, தலைவணங்கி, வெளியேறினார். வழக்கமாய் உடனே எழுந்து உள்ளே போகும் தாங்கள் நேற்று எழவில்லை. பிறகு, "நாளைக்கு அவ வருவாளா?" என்று உதவியாளரிடம் கேட்டீர்கள். அவர் வாய் மூடி இருக்கவில்லை. விஷயம் எங்களுக்கும் எட்டிவிட்டது, தோழிக்கும் எட்டிவிட்டது.

நோயற்ற உடலும் நிறைந்த ஆயுளும் தங்களுக்கு வாய்க்கட்டும். இனி எந்த வேளை உணவும் தனியே அமையாதிருக்கட்டும். தோழியார் வந்திருக்கிறார், அம்மையீர். தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்போவதாகவும் உறுதியாகச் சொல்கிறார். ஆகவே அந்த ஒரு வழக்கைத் தவிர, மற்ற எல்லாவற்றையும் இனி நீங்கள் இருவரும் பேசலாம்.

தங்கள் முன் எழுந்து நின்றே பழகிப்போன,
வழக்கறிஞர்களும் நீதிமன்ற ஊழியர்களும்