முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

ஐயோ மிஸ், பொய் எழுதுற பழக்கம் எனக்கில்ல. மொதல்ல உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இந்தப் பக்கம் வாங்க. என் பாட்ட நீங்க போடுற புத்தகத்துலருந்து எடுக்கப் போறேன்னு சொல்லத்தானே கஹவத்தையிலருந்து பஸ் ஏறி வந்திருக்கீங்க? இந்த மெட்டில்டாக்கா நம்ம கவிதப் பட்டறைக்கு வந்து எல்லாரையும் ஏமாத்திட்டான்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கே.

யாரு சொன்னா? பஸ் ஸ்டாண்டுலயா? ஆமா, போன வாரம் எம்மக சரோன ஒடஞ்ச மூஞ்சியோட பாத்திருப்பாங்க. மெய்தான். பல்லு சோத்துத் தட்டுலயே விழுந்திச்சி.

கோவிச்சுக்காதீங்க மிஸ். எங்க செபக் கூட்டத்துல அப்பிடித்தான். கேக்குறது கைக்கு வர்றதுக்கு முந்தியே வந்திருச்சின்னு நன்றி சொல்லிருவோம். என் மகன் கொழும்புல வேல தேடி அலையிறப்பவே, வேல தந்தீரே ஸ்தோத்திரம்னு இந்த லயத்துல உள்ள அத்தன வீடும் சத்தம் போட்டிச்சி. அதுதான் விசுவாசம். நீங்க மனசுல உள்ளத எழுதச் சொன்னீங்க. எனக்கு செபத்த விட்டா வேற என்னா எழுதத் தெரியும்?

அவன் கை ஓய்ந்தது ஆண்டவரே
என் பிள்ளை முகத்தில் வெயில் விழுந்தது

நீங்க மருமகன் அடிக்கிறத நிப்பாட்டிட்டாருன்னு எடுத்துக்கிட்டீங்க. நா அத ஆண்டவர்ட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன்.

வாசிச்ச அன்னைக்கி கட்டிப்புடிச்சி அழுதீங்களே. பொம்பளைங்க பிரச்சினைய பாக்குற ஆபீசர் நிரோஷா நோனாவும் வந்திருந்தாங்கல்ல, அவங்களுக்கு யாரோ பாட்ட சிங்களத்துல சொல்லிட்டாங்க. அப்ப எல்லாம் சரிதானேன்னு சந்தோசப்பட்டு, லயத்துக்கு விசாரிக்க வர இருந்தத அப்பிடியே விட்டுட்டாங்க. இல்ல நோனா, இன்னும் அடிக்கிறான்னு சொல்ல எந்திரிச்சேன். கைதட்டல் நிக்கவேயில்ல மிஸ்.

தேத்தண்ணி குடிங்க, ஆறிப்போகுது. சீனி பத்தலையா?

நீங்க போன்ல எடுத்துப் போட்ட வீடியோ குருவிட்ட வரைக்கும் போயிருச்சி. மருமகன் ரெஜினோல்ட் அங்கதானே மாணிக்கக் குழியில வேல செய்யிறாரு. கூட இருந்த பயலுங்க, டேய், ஒன் கை ஓஞ்சிருச்சாமே, மாமியா பாட்டுக் கட்டியிருக்கேன்னு சிரிச்சிருக்கானுங்க. அந்தச் சிரிப்புக்குத்தான் போன வாரம் அந்தப் பல்லு.

ஒங்க மேல தப்பில்ல, அழாதீங்க.

இன்னைக்கி விடிஞ்சோன மறுபடி வந்தாரு. நா ரப்பர் பால் வெட்டப் போக கெளம்பி நிக்கிறேன். சரோன் முடிய சுத்திப் புடிச்சி, ஒங்கம்மா பாட்ட சொல்லுடின்னாரு. ஒரு வரிக்கி ஒரு அடி. நிப்பாட்டுனா கதவு நெலையில மண்டைய இடிப்பாரு. எம்புள்ள ரத்தத்த முழுங்கி முழுங்கி சொல்றா, மிஸ். நா கால்ல விழுந்தேன். எட்டி ஒதச்சாரு. பாட்டு முடிஞ்சிருச்சி. மொதல்லருந்து சொல்லுன்னாரு.

என்னைய பாக்காதீங்க அப்பிடி. நா கோவக்காரி இல்லன்னு ஒங்களுக்கே தெரியும்.

பால் வெட்டுற கத்தி கையிலதான் இருந்திச்சி. அடிக்கிற கையத்தான் வெட்டுனேன், மணிக்கட்டுக்கு மேல, சாய்வா, எலும்புல படாம. மரத்துலயும் கட்டைல படாமத்தானே வெட்டுவோம். வெரலுங்க அப்பிடியே தொங்கிருச்சி. பக்கத்து வீட்டு ஆளுங்க த்ரீவீல்ல ஆஸ்பத்திரிக்கி கொண்டு போயிருக்காங்க. உசுருக்கு ஒண்ணுமில்ல, கைதான் இனி தூக்க வராதாம்.

அதனால பாட்ட புத்தகத்துலருந்து எடுக்க வேணாம் மிஸ். ஒரு சொல்லும் மாத்த வேணாம். என் பேரயும் முழுசா போடுங்க.

அந்தா, பொலிஸ் ஜீப்பு மேட்டுல ஏறுது. பதறாதீங்க. நீங்க யாழ்ப்பாணத்து ஆளு, ஒங்களுக்கு சிங்களம் வராது. நானே சொல்லிக்கிறேன். நீங்க உள்ள போயி சரோன் பக்கத்துல இருங்க.