பூஜ்யம் வந்த இடத்தில் ஒன்று

எதையும் பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது. பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தந்துவிடுகிறார்கள், அது தெரிந்திருப்பதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை.

நான் வேலை பார்த்தது ஒரு குளிர்பதனக் கிடங்கில். குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா விஷவாயு கசிந்தால் கண்டுபிடிக்க நாற்பது இடங்களில் சென்சார் இருந்தது. ஒவ்வொன்றின் இப்போதைய அளவையும் அதன் வழக்கமான அளவால் கம்ப்யூட்டர் வகுக்கும். விடை ஒன்று என்றால் எல்லாம் சரி, திரையில் பச்சை. இரண்டைத் தாண்டினால் சங்கு ஊதும். அந்த ப்ரோகிராமை எழுதியவன் நான்.

செத்துப்போன சென்சார் இரண்டு அளவையும் பூஜ்யமாகவே அனுப்பும். ஒருநாள் அப்படி ஒன்று வந்தது. வகுக்க முடியாமல் ப்ரோகிராம் நின்றது. கிடங்கும் அரை நாள் நின்றது.

இயந்திர அறை ஃபோர்மன் என் தங்கையின் கணவர். கேன்டீனில் எல்லார் முன்னாலும், "என்ன மச்சான், முட்டையைப் பாத்ததும் உங்க ப்ரோகிராம் மயங்கி விழுந்துடுச்சாமே?" என்றார். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அதையே சொன்னார். தங்கை புரையேறும்வரை சிரித்தாள். நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் திருத்தினேன். கீழே பூஜ்யம் இருந்தால் வகுக்காதே. சரி, அந்த இடத்தில் என்ன போடுவது? 'தெரியவில்லை' என்று குறித்து மஞ்சள் விளக்கை எரியவிடுவதுதான் முறை. அப்படித்தான் எழுதினேன், சோதித்தும் பார்த்தேன். பிறகு அதை அழித்துவிட்டு, ஒன்று என்று போட்டேன்.

அடுத்த வாரம் இயந்திர அறை சென்சார் செத்தது. திரையில் பச்சை. எனக்குத் தெரியும், உள்ளே வரும் எண்களைத் தினமும் பார்ப்பவன் நான். ஒன்பது நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் காலை அவர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"லேசா மூக்கு எரியுது மச்சான். எங்க ரூம்ல ஏதாவது காட்டுதா?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன். "பச்சைதான் மாப்பிள்ளை. நீங்களே பாருங்க."

"நீங்க சொன்னா சரிதான்."

கையிலிருந்த முகமூடியை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். வால்வைப் பார்க்க இன்னும் இருவர் கூடப் போனார்கள். அந்த இருவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூவரையும் வெளியே தூக்கி வரும்போது மணி பதினொன்றேகால். ப்ரோகிராம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

தங்கையை அன்றே என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். வேளாவேளைக்குச் சாப்பாடு வைக்கிறேன். நான் பச்சை என்று சொன்னதை யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். என் காலடிச் சத்தம் கேட்டாலே அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள். துக்கம்தான், போகப் போகச் சரியாகிவிடும். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?